மாப்பிள்ளை வாயசைக்கிறார்

இடது கணுக்காலில் எறும்பு ஏறுகிறது. எறும்பாகவும் இருக்கலாம், வியர்வையாகவும் இருக்கலாம், குனிந்து பார்க்க வழியில்லை. குனிந்தால் மேசையின் குறுக்குச் சட்டத்தில் தலை இடிக்கும், இடித்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் மேலே மடிக்கணினியில் இருக்கிற மேடம் "என்ன சத்தம்?" என்பார், அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும், லோகேஷ் வாயை மட்டும் அசைப்பார். எங்கள் ஏற்பாடு அதுதான். நேர்காணல் லோகேஷுக்கு, குரல் என்னுடையது. லோகேஷ் என் தங்கை தாரணியின் கணவர். மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டையும் டையும், கீழே லுங்கி. அந்த லுங்கிக்கு எதிரே, சாப்பாட்டு மேசையின் நான்கு கால்களுக்கு நடுவில், முழங்கால் இரண்டும் தாடையைத் தொட நான் உட்கார்ந்திருக்கிறேன். என் காலரில் மைக், அதன் ஒயர் மேசையின் பின்பக்கமாக ஏறி மடிக்கணினிக்குப் போகிறது. என் கையில் போன், அவருடைய திரை அப்படியே இதிலும் தெரியும். காலை பதினொன்று பத்து. மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்தியாயிற்று. அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றியாயிற்று. குக்கர் வைக்கக் கூடாது என்று தாரணியிடம் சொல்லியாயிற்று. உதடும் சத்தமும் ஒட்டாமல் போனாலும் தெரியாதபடி கேமராவின் கண்ணில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவியிருக்கிறோம், அது லோகேஷின் யோசனை. இந்த மூளையைக் கொஞ்சம் படிப்பில் செலவழித்திருந்தால் நான் இங்கே குந்தியிருக்க வேண்டியதில்லை. இல்லை, அப்படி நினைப்பது தப்பு. மனுஷன் ஐந்து மாதமாகத் தூங்கவில்லை.

மேடத்தின் பெயர் பெனிட்டா. அவர் தன் கேமராவைப் போடவில்லை, சாம்பல் வட்டத்துக்குள் ஓர் எழுத்து மட்டும் தெரிகிறது. ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் கேட்டார். கோயம்புத்தூரா, சரவணம்பட்டியா, நானும் போத்தனூர்தான் என்று தமிழுக்கு வந்துவிட்டார். அது எனக்கு நல்லது, லோகேஷுக்குக் கெட்டது. ஆங்கிலத்துக்குத்தான் பத்து நாள் வாயசைத்துப் பழகியிருந்தார். "சி லாங்வேஜ்ல ஒரு ப்ரோக்ராம், இன்னொரு மெஷினுக்கு ஒரு வரி டெக்ஸ்ட் அனுப்பணும். எங்கிருந்து ஆரம்பிப்பீங்க?" என்று அவர் கேட்டதும் நான் லோகேஷின் முழங்காலை விரலால் இரண்டு தட்டு தட்டினேன். பேசப்போகிறேன், வாயைத் திற என்று அர்த்தம். அவர் தன் கட்டைவிரலால் என் பாதத்தை அமுக்கினால் நிறுத்து என்று அர்த்தம். தட்டிவிட்டு, "நல்ல கேள்விங்க மேடம்" என்றேன். எல்லாப் பதிலையும் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், அந்த மூன்று சொல்லுக்குள் அவர் உதடு என் குரலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சொன்னேன். முதலில் சாக்கெட் ஒன்றைத் திறக்க வேண்டும், அது வீட்டுச் சுவரில் ஒரு துளை போட்டுக்கொள்வது மாதிரி, அப்புறம் எதிர்வீட்டின் முகவரியும் கதவு எண்ணும் கொடுத்து கனெக்ட் செய்ய வேண்டும், அந்தப் பக்கம் ஒருத்தர் ஏற்கெனவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கனெக்ட் முகத்தில் அடித்த மாதிரி திரும்பி வந்துவிடும். சொன்னேன். நான்தான் சொன்னேன். ஒரு இடத்தில்கூடத் தட்டாமல், தண்ணீர் ஓடுகிற மாதிரி.

எனக்குத் திக்குவாய். சும்மா இல்லை, நல்ல திக்கு. முகத்துக்கு நேரே ஒருவர் என்னைப் பார்த்தால் போதும், தொண்டையில் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். சொல்ல வேண்டியது எல்லாம் உள்ளே முண்டியடித்துக்கொண்டு நிற்கும், வாய் திறந்திருக்கும், ஒன்றும் வராது. பதினான்கு நேர்காணல்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் ரிலாக்ஸ், ரிலாக்ஸ் என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். மூவர் உட்கார்ந்திருந்த ஓர் அறையில், நான் ஆரம்பித்த வாக்கியத்தை மூவரும் ஆளுக்கொரு விதமாக முடித்து வைத்தார்கள், மூன்றுமே தப்பு. தப்பு என்று சொல்வதற்குள் கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் யாரும் என்னைப் பார்க்காத இடத்தில், குளியலறையில், வண்டி ஓட்டும்போது, இந்த மேசைக்கடியில், எனக்குத் திக்குவதில்லை. முதல் நாள் ஒத்திகையில் நான் பேசியதைக் கேட்டுத் தாரணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். அவள் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் முகத்தை இழுத்துக்கொண்டதும் மறுபடி வந்தது. அதற்குப் பிறகு ஒத்திகையின்போது அவள் இந்தப் பக்கமே வருவதில்லை. முப்பத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒரு நல்ல குரல் இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, எனக்கும்தான்.

"சரி, கனெக்ட் ஆயிடுச்சு. நீங்க சென்ட் பண்றீங்க. அந்தப் பக்கம் ரிசீவ் பண்ற ப்ரோக்ராம் என்ன பண்ணிட்டிருக்கும்?" தட்டு, தட்டு. நல்ல கேள்விங்க மேடம். அது சும்மா உட்கார்ந்திருக்கும். ரிசீவ் என்று ஒரு வரி எழுதியிருப்போம், ப்ரோக்ராம் அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடும், அடுத்த வரிக்குப் போகாது, ஏதாவது வரும்வரை அங்கேயே கிடக்கும். எவ்வளவு நேரம் என்றால் எவ்வளவு நேரமானாலும். மேலே லோகேஷ் "எவ்வளவு நேரமானாலும்" என்பதற்கு வாயைக் கொஞ்சம் நீளமாகத் திறந்துவிட்டார், போனில் தெரிந்தது, பாட்டுக்கு வாயசைக்கிறவர் மாதிரி. ஆனால் மேடம் "ம்" என்றார். எண்ணெய்ச் சொட்டு காப்பாற்றுகிறது. எனக்கு இன்னும் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன். காத்திருப்பது பெரிய விஷயமில்லை மேடம், வந்ததை முழுசு என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து. நான் நூறு எழுத்து அனுப்பினால் அந்தப் பக்கம் நூறும் ஒரே கையில் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலில் முப்பது வரும், அப்புறம் ஆறு வரும், மீதி மூச்சுவாங்கிவிட்டு வரும். எத்தனை வந்தது என்று ரிசீவ் ஒவ்வொரு தடவையும் எண்ணிச் சொல்லும், அதைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் பாதிப் பேர். கட்டைவிரல் என் பாதத்தை அமுக்கியது. போதும், ரொம்பப் பேசாதே, வாய் வலிக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? காந்திபுரத்தில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசி வருஷ மாணவர்கள் வந்து தலைப்பைச் சொல்லிவிட்டுப் போவார்கள், நான் எழுதித் தருவேன், அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு பைண்டு செய்துகொள்வார்கள். மனிதர்களிடம் பேச வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் என்னைப் பார்க்காது. இரண்டு கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து இந்த முனையில் ஒரு வரி அடித்து அந்த முனையில் அது தெரிவதை முதல்முதலாகப் பார்த்த நாள் நான் எழுந்து நின்றுவிட்டேன். நான் சொன்னது முழுசாக, அப்படியே, ஒரு எழுத்து உடையாமல் இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஓனர் டீ வாங்கப் போயிருந்தார், பார்த்தவர் யாருமில்லை. நல்லவேளை, பார்த்திருந்தால் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார், நான் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

அடுப்படி வாசலில் தாரணியின் கால்கள் தெரிகின்றன. மேசைக்கடியிலிருந்து பார்த்தால் வீடே கால்களாகத்தான் இருக்கிறது. அவள் கால் வீங்கியிருக்கிறது, ஏழாவது மாசம், மெட்டி இறுகிப்போய் விரலைக் கடிக்கிறது. வரக் கூடாது என்று சொன்னோம், இருந்தாலும் வந்து நிற்கிறாள், என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறாள் என்று பாதங்களின் வாக்கிலேயே தெரிகிறது. லோகேஷுக்கு வேலை போய் ஐந்து மாதம். கம்பெனியில் ஒரே நாளில் அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பொள்ளாச்சியில் இருக்கும் அவருடைய அப்பா அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, தினமும் ஆபீஸ் போன கதை ஒன்று போனில் சொல்கிறார். அவர் பார்த்தது டெஸ்டிங் வேலை, அதாவது அடுத்தவர் எழுதியதில் பட்டனை அமுக்கிப் பார்ப்பது. ஆனால் பயோடேட்டாவில் ஒரு ஏஜெண்டு ஆறு வருஷ சி நெட்வொர்க் அனுபவம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அதற்குத்தான் இந்தக் கம்பெனி கூப்பிட்டது. கூப்பிட்ட அன்று ராத்திரி சாப்பிடும்போது லோகேஷ் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தாரணி எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ரெண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக நான் இவர்கள் வீட்டு ஹாலில்தான் படுக்கிறேன், இவர்கள் சோற்றைத்தான் தின்கிறேன், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர்கள் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை, அதனால் மாட்டிக்கொண்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினேன். தலையாட்டுவதற்கு எனக்குத் திக்குவதில்லை.

மேடம் சிரிக்கிறார். என்ன சொன்னேன் நான்? சி-யில் ஒரு வரியின் கடைசியில் பூஜ்யம் ஒன்று உட்கார்ந்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது, அதை அனுப்ப மறந்தால் வாங்குகிறவனுக்கு வரி எங்கே முடிகிறது என்றே தெரியாது, வந்ததைப் பிடித்து வைக்கிற பஃபரில் கிடக்கிற பழைய குப்பையெல்லாம் சேர்த்துப் படித்துக்கொண்டே போவான், பேச்சை எங்கே நிறுத்துவது என்று தெரியாத கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி என்றேன். அதற்குத்தான் சிரிக்கிறார். "நான் இருபது வருஷமா இதைச் சொல்லிக் கொடுக்கறேன், இந்தப் பெரியப்பா எனக்குத் தோணலயே" என்கிறார். லோகேஷும் சிரிக்கிறார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. ஐயோ, சிரிப்புக்குச் சத்தம் நான் கொடுக்க வேண்டுமே. கொடுத்தேன், அரை நொடி தாமதமாக. லோகேஷ் அதற்குள் சிரித்து முடித்துவிட்டார். வாய் மூடியிருக்க என் சிரிப்பு மேலே போனது. மேடம் கவனிக்கவில்லையா, கவனித்துவிட்டு எழுதிக்கொள்கிறாரா? சாம்பல் வட்டத்துக்கு முகம் கிடையாது. கைக்குள் போன் வழுக்குகிறது. எறும்பு முழங்காலுக்கு வந்துவிட்டது, எறும்புதான், வியர்வை மேல்நோக்கி ஏறாது.

ஆனால் என் பயம் அது மட்டும் இல்லை. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், யார் பார்க்கப் போகிறார்கள் இந்த இருட்டில். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவர் ஒவ்வொரு கேள்வியையும் முந்தினதைவிடக் கொஞ்சம் ஆழத்தில் போடுகிறார், நான் போய் எடுத்து வருகிறேன், அவர் இன்னும் ஆழத்தில் போடுகிறார். ஒன்பது வருஷத்தில், ஒன்பது என்ன, முப்பத்தாறில், யாரும் என்னோடு இப்படிப் பேசியதில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் "கரெக்ட், லோகேஷ்" என்கிறார். வெரிகுட், லோகேஷ். இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க, லோகேஷ். லோகேஷ் அடக்கமாகத் தலையைக் குனிகிறார், அந்த அடக்கம் நன்றாகத்தான் பொருந்துகிறது அவருக்கு. இந்த வேலை கிடைத்தால் அவர் போவார், அடையாள அட்டை மாட்டிக்கொள்வார், இந்த மேடத்தின் பக்கத்து மேசையில் உட்காருவார், மேடம் ஏதாவது கேட்பார், இவர் திருதிருவென்று விழிப்பார். அப்புறம்? அப்புறம் தினமும் எனக்குப் போன் வரும், காதில் மாட்டிக்கொண்டு நான் காந்திபுரத்திலிருந்து ஓதுவேன். அவர் குழந்தை வளரும், என் தலை நரைக்கும், நான் இன்னும் ஓதிக்கொண்டிருப்பேன். ஆயுசுக்கும் மேசைக்கடியில்தான். கிடைக்காவிட்டால் தாரணி. அந்தக் கால்கள். ஏழாவது மாசம். கிடைக்க வேண்டும். கிடைக்கக் கூடாது. இல்லை, கிடைக்க வேண்டும், நான் அண்ணன். கிடைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன், பத்தாவது தடவையும் அது யாரோ சொல்வது போலத்தான் இருந்தது.

"கடைசியா சின்னதா ஒண்ணு எழுதிக் காட்டிடுங்க லோகேஷ். ஒரு ஃபங்ஷன், அதுக்கு ஒரு வரி வரும், அதை அப்படியே சென்ட் பண்ணணும். வணக்கம் கோவைன்னு இங்கிலீஷ் எழுத்துல அனுப்புங்க போதும்." இதற்கும் பழகியிருந்தோம், நாற்பது தடவை. நான் பேசமாட்டேன், லோகேஷ் மனப்பாடமாக அடிப்பார். போனில் பார்க்கிறேன். எழுத்து எழுத்தாக விழுகிறது. ஃபங்ஷன் பெயர், சரி. அடைப்புக்குறி, சரி. வரியைக் கையில் கொடுக்காமல் அது இருக்கும் இடத்தைச் சுட்டுகிற பாயிண்டர், சரி. மேடம் அமைதியாக இருக்கிறார், கீபோர்டு சத்தம் மட்டும் மேசைப் பலகை வழியாக என் மண்டையில் இறங்குகிறது. சென்ட். சாக்கெட். காற்புள்ளி. வரி. காற்புள்ளி. இப்போது எத்தனை எழுத்து அனுப்புவது என்று சொல்ல வேண்டும். ஸ்டர்லென் என்று எண்ணி, பூஜ்யத்துக்காக ஒன்று கூட்ட வேண்டும். ஸ்டர்லென், மாப்பிள்ளை, நாற்பது தடவை அடித்தோமே, ஸ்டர்லென். அவர் சை என்று ஆரம்பிக்கிறார். சைஸ்ஆஃப். சைஸ்ஆஃப் போட்டால் அது வரியை எண்ணாது, சுட்டுகிற அந்தப் பாயிண்டரின் அளவைத்தான் சொல்லும், இந்தக் கம்ப்யூட்டரில் எட்டு. எட்டு எழுத்து மட்டும் போகும். வி, ஏ, என், ஏ, கே, கே, ஏ, எம். வணக்கம் போகும், கோவை போகாது. கோவை இங்கேயே கிடக்கும், சென்ட் எட்டு அனுப்பினேன் என்று பெருமையாகச் சொல்லும், ஒரு எச்சரிக்கை வராது, ஒரு பிழையும் காட்டாது, அந்தப் பக்கத்துக்காரன் வெறும் வணக்கத்தை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் சொல்ல வந்தான்போல என்று போய்விடுவான். பாதி. பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர் அடைப்புக்குறியை மூடுகிறார். அரைப்புள்ளி வைக்கப் போகிறார்.

"ஐயோ மாப்ள, அங்க சைஸ்ஆஃப் போடாதீங்க!"

யார் கத்தியது என்று நானே ஒரு நொடி தேடினேன். லோகேஷின் கட்டைவிரல் என் பாதத்தின் மேல் அமுக்கவில்லை, சும்மா இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. போனில் அவர் முகம் தெரிந்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார், கண் மட்டும் பெரிதாக. நாற்பத்திரண்டு நிமிஷம் ஒழுங்காக ஓடியதை ஒரு அரைப்புள்ளிக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். அவர் தப்பாகவே எழுதியிருந்தாலும் மேடம் அதை ஒரு சின்னச் சறுக்கல் என்று விட்டிருப்பார், நாற்பது நிமிஷம் அப்படிப் பேசியவருக்கு யாரும் அதற்காக வேலையை மறுக்க மாட்டார்கள். அது தெரிந்தும் கத்தினேன். தெரிந்தா கத்தினேன்? பிழையைப் பார்த்ததும் வாய் தானாகப் போய்விட்டதா, இல்லை, உள்ளே எவனோ ஒருத்தன் இதற்காகவே நாற்பது நிமிஷமாகக் காத்துக்கொண்டிருந்தானா? தாரணியின் கால்கள் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

"யாருங்க அது?" என்றார் மேடம்.

லோகேஷ் தொண்டையைச் செருமினார். இவ்வளவு நேரத்தில் அவருடைய சொந்தக் குரல் முதல்முதலாக வெளியே வர, அது கீச்சென்று இருந்தது, தவிர மைக் அவரிடம் இல்லை, என் காலரில் இருந்தது. "டி... டிவிங்க மேடம். பக்கத்து வூட்டு டிவி."

"பக்கத்து வீட்டு டிவிக்கு சைஸ்ஆஃப் தெரியுதுங்களா? இப்ப நீங்க பேசினது தூரத்துல கேக்குது, டிவிதான் பக்கத்துல கேக்குது." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "முன்னாடி ஒரு தடவை வாய மூடிட்டே சிரிச்சீங்க. நெட்ல லேக், சத்தம் பிந்தி வருதுன்னு நெனச்சேன். அவரை மேல வரச் சொல்லுங்க."

"இங்க யாருமே இல்லீங்க மேடம்," என்றார் லோகேஷ்.

"சரி. அப்ப நான் கட் பண்ணிக்கறேன்."

இருந்துவிடலாம். கட் செய்தால் முடிந்தது, யார் என்று தெரியாமலே போகும், நான் மேசைக்கடியில் பிறந்து மேசைக்கடியில் இருந்தவனாகவே இருந்துவிடலாம். கால் மரத்துப்போயிருந்தது. எழுந்தேனா, கால் எழுப்பியதா தெரியாது, குறுக்குச் சட்டத்தில் தலை நன்றாக இடித்தது, இனி சத்தம் கேட்டால் என்ன. வெளியே வந்து லோகேஷின் பக்கத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. அதன் மேல் பொத்தான் போடாத சட்டை, காலரில் மைக். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் எண்ணெய்க்குப் பின்னால் மங்கலாக இரண்டு பேர் தெரிந்தோம். அப்போது அவரும் தன் கேமராவைப் போட்டார். ஐம்பது வயது இருக்கும், ஒரு பக்கம் மட்டும் நரைத்த முடி, மூக்குக் கண்ணாடி, பின்னால் சுவரில் ஒரு காலண்டர். என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. தொண்டையில் அது விழுகிற இடம்கூட எனக்குத் தெரியும்.

"சொல்லுங்க. அங்க ஏன் சைஸ்ஆஃப் கூடாது?"

தெரியும். எனக்கு அது என் உள்ளங்கை மாதிரித் தெரியும். பா. பா. பாயிண்டரின் பா வந்துவிட்டது, யிண்டர் வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது, கண் தானாக மூடிக்கொண்டது, கழுத்து ஒரு பக்கம் இழுத்தது, இதையெல்லாம் அந்தப் பெண்மணி பார்த்துக்கொண்டிருப்பார், இப்போது முடித்துவைப்பார், பாயிண்டர்னு சொல்ல வர்றீங்களா என்பார், இல்லை, பரவாயில்லை விடுங்க என்பார், இல்லை, கடிகாரத்தைப் பார்ப்பார். "அவருக்குக் கொஞ்சம் பேச வராதுங்க மேடம், நாஞ்சொல்லட்டுங்களா," என்றார் லோகேஷ், பாவம், அவருக்கு என்ன தெரியும் சொல்ல. "நீங்க பேச வேண்டாம்," என்றார் மேடம். கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தலையை ஆட்டவில்லை, உற்சாகப்படுத்துகிற மாதிரிச் சிரிக்கவில்லை, தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார், பஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பவர் போல. பாயிண்டர். அது பாயிண்டருங்க. எட்டு. எட்டு பைட்டுதான். மீதி. மீதி போகாதுங்க. எத்தனை நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது, மேசைக்கடியில் நாலு நொடியில் சொல்லியிருப்பேன். சொல்லி முடித்தபோது அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்தது.

"கரெக்ட்," என்றார் மேடம். லோகேஷ் என்று சேர்க்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லோகேஷ், உங்களை நான் ரிஜெக்ட்னு போடணும். காரணமும் எழுதணும். ஏமாத்தி இன்டர்வியூ குடுத்தவங்க பேரு எங்க கம்பெனில ஒரு லிஸ்ட்ல இருக்கும், அப்புறம் எப்பவும் கூப்பிட மாட்டாங்க. அது என் கையில இல்ல." லோகேஷ் தலையைத் தொங்கப்போட்டார். டையின் முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். அடுப்படி வாசலில் தாரணி சுவரில் சாய்ந்து நிற்பது இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது, வாயில் முந்தானை. நான் அவளுக்குச் செய்ததை நினைத்தால் மறுபடி மேசைக்கடியில் போய்விடலாம் போலிருந்தது.

மேடம் பேனாவை எடுத்தார். "மேல வந்தவரே, உங்க பேரு என்ன?"

"சொல்லாதீங்க மச்சா," என்று லோகேஷ் உதடு அசையாமல் முணுமுணுத்தார், நாற்பது நிமிஷம் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தவர். "லிஸ்ட்ல ஏத்தத்தான் கேக்கறாங்க. உங்களுக்கும் அப்புறம் எங்கயும் கெடைக்காது. மூடிர்றன் மச்சா, மூடிர்றன்." கை மடிக்கணினியின் மூடிக்குப் போனது. லிஸ்ட்டில் ஏற்றத்தானா? இருக்கலாம். வேறு எதற்கோவா? அதுவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தக் கேள்வியைச் சொல்லி முடிக்கவே மத்தியானம் ஆகிவிடும். அந்தம்மா முகத்தில் ஒன்றும் எழுதியில்லை, பேனா மட்டும் காகிதத்தின் மேல் தொட்டும் தொடாமலும் நின்றது. என்னைக் கேட்கிறார், லோகேஷை அல்ல, நான் எழுதிக் கொடுத்ததில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்ட நூற்றுக்கணக்கான மாணவர்களில் ஒருத்தரை அல்ல. மூடியைக் கையால் பிடித்தேன். லோகேஷ் அழுத்தினார், நான் விடவில்லை. "அண்ணா," என்றாள் தாரணி. வேண்டாம் என்றாளா, சொல் என்றாளா, குரலில் தெரியவில்லை, திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

ப. வரவில்லை. ப. உதட்டுக்குப் பின்னால் மூச்சு வந்து முட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது. மேடம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். ப. பர. லோகேஷ் அழுத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார், இத்தனை வருஷத்தில் நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதை அவரும் பார்த்ததில்லை போல. பரணி. அங்கேயே விட்டுவிடலாம், பரணி என்றே எல்லோரும் எழுதிக்கொள்வார்கள், போதும் என்பார்கள். பேனா அசையவில்லை. மீதி இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. த. த. தரன்.

"பரணிதரன்," என்றேன், இந்தத் தடவை சேர்த்து.

குனிந்து மெதுவாக எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"இனிஷியல்?"

மூச்சை இழுத்துக்கொண்டேன்.